கழற்றாத தொப்பி

எல்நாத்தான் பிரையருக்குப் பொறாமை வந்தது அறுபது வயதுக்கு மேல்தான். குழந்தையில் வர வேண்டிய அம்மை கிழவயதில் வந்தால் ஆளை எப்படிப் போட்டு வாட்டுமோ, அப்படி வாட்டியது.

அதற்கு முன் அவர் பொறாமைப்பட ஆளே இருந்ததில்லை. டெலவேர் ஆற்றங்கரையில் எங்கள் ஆல்டர்ஃபோர்டு சின்ன ஊர்தான். ஆனால் பிலடெல்பியா சட்டசபையில் எங்கள் மாவட்டத்துக்காக எழுந்து நிற்பவர் எல்நாத்தான். ஆளுநர் புதிய வரி கேட்டபோது, "முதலில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு இங்கே பாதி நிலத்தை வைத்திருக்கிறவர்கள் கட்டட்டும்" என்று சொன்னவர். பூர்வகுடித் தலைவர்களோடு எல்லை பேசப் போனபோது, அளவுக் கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னவர். சபை இல்லாத மாதங்களில் வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையில் எதையாவது செய்துகொண்டிருப்பார். கப்பல் எப்படி ஆடினாலும் கவிழாத மைக்கூடு அவர் செய்தது. ஆப்பிளின் தோலையும் விதையையும் ஒரே சுற்றில் எடுக்கும் கருவி அவர் செய்தது. இலையுதிர் காலத்தில் ஆப்பிள் களி கிண்டும் எந்த வீட்டிலும் அது இருக்கும். அவரைப் பற்றி அந்நியர் யாராவது கேட்டால் நாங்கள் சட்டசபையை விட்டுவிட்டு அந்தக் கருவியைத்தான் முதலில் காட்டுவோம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. மேல் தெருத் தண்ணீர்.

ஆலைக்குப் பக்கத்து ஊற்றிலிருந்து சந்தைவரைக்கும் தண்ணீர் கொண்டுவந்தது அவர்தான். நீர்ச்சக்கரம் பம்பை இயக்கும். பம்பு, துளையிட்ட மரக்குழாய்கள் வழியே தண்ணீரைத் தள்ளும். சந்தைவரை நன்றாக வந்தது. மேட்டில் இருந்த மேல் தெருவுக்கு ஏற்றப் பார்த்தால் ஏதாவது ஒரு மூட்டில் குழாய் வெடித்தது. பம்பின் ஒவ்வொரு தள்ளலும் குழாய்க்குள் ஒரு சம்மட்டி அடியாக விழுந்தது. அவர் மூட்டுகளுக்கு இரும்பு வளையம் போட்டார். வெடித்தது. தடித்த வளையம் போட்டார். வேறு இடத்தில் வெடித்தது. மேல் தெருப் பெண்கள் மழையிலும் பனியிலும் வாளிகளைத் தோள்கட்டையில் மாட்டிக்கொண்டு மேடேறிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நிலையில்தான் பர்லிங்டனிலிருந்து ஓபேத் மார்லின் வந்து சேர்ந்தான். நில அளவையாளன், முப்பது வயது, நன்றாகப் படித்தவன். மனைவி மெர்சி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் தண்ணீர்க் குழுவினர் எல்லோரையும் சந்தைக் கொட்டகைக்கு வரச் சொல்லி, ஒரு கண்ணாடி ஜாடியை மேசைமேல் வைத்தான். ஜாடிக்கு ஒரு பக்கம் கைப்பம்பு, மறுபக்கம் மெல்லிய குழாய். பம்பை அடித்தான். ஜாடியின் அடியில் தண்ணீர் ஏறி இறங்கியது; மேலே அடைபட்டிருந்த காற்று சுருங்கி விரிந்தது; குழாயிலிருந்து தண்ணீர் துடிக்காமல், நூல் இழுத்த மாதிரி வந்தது.

"பம்போட அடியெல்லாம் காத்து வாங்கிக்கும்," என்றான் ஓபேத். "பம்புக்கும் குழாய்க்கும் நடுவுல மூடின செம்புப் பீப்பாய் ஒண்ணு வச்சா போதும். மூட்டு தாங்கும். மேல் தெருவுக்கு ஏறும்."

எல்நாத்தான் அதைப் பார்த்தவுடனேயே புரிந்துகொண்டார். அது சரி என்பதும் தெரிந்துவிட்டது. இவ்வளவு எளிதானது இத்தனை வருஷமாகத் தன் கண்ணில் ஏன் படவில்லை? அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாக இறங்கியது. எல்லோரும் ஜாடியைச் சுற்றி நின்று சிரித்தார்கள், மாறி மாறிப் பம்பை அடித்தார்கள். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஊரில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவருக்கு ஓபேத் போகிற வருகிற இடமெல்லாம் கண்ணில் பட்டது. அவன் சிரிப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவன் கோட்டின் வெட்டு நன்றாக இருந்தது. ஆராதனைக் கூட்டத்தில் அவன் ஜெபித்தால் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்நாத்தான் சட்டசபையில் எவ்வளவோ பேசியிருக்கிறார்; அவர் பேச்சுக்கு ஒருவரும் கண்ணைத் துடைத்ததில்லை.

'நண்பர்கள்' என்பது எங்கள் கிறிஸ்தவப் பிரிவின் பெயர்; எங்கள் கூட்டத்தில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பட்டங்களும் இல்லை. ஆளுநரானாலும் அடுத்த வீட்டுக்காரரானாலும் 'நீ'தான். முதல் நாள் காலையில், மற்றவர்கள் ஞாயிறு என்பார்களே அந்த நாளில், பெஞ்சுகளில் மௌனமாக உட்கார்ந்து ஆண்டவருக்குக் காத்திருப்போம். ஆண்கள் தொப்பியோடுதான் இருப்பார்கள்; ராஜாவுக்கு முன்னால்கூட அது இறங்காது. யாராவது முழங்காலிட்டு வாய்விட்டு ஜெபித்தால் மட்டும் எல்லோரும் எழுந்து நிற்க, ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். ஒருவர் கழற்றாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: இந்த மனிதனின் ஜெபத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை, இவனிடம் நான் ஒரு குறையை அறிவேன். லேசில் யாரும் அதைச் செய்வதில்லை.

பனி உருகத் தொடங்கிய மாதத்தில் ஒரு முதல் நாள். எல்நாத்தான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் ஆண்டவர் இல்லை, செம்புப் பீப்பாய் இருந்தது. அதில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். சட்டென்று ஒன்று கிடைத்தது. உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரிலேயே கரைந்துபோனால்? பீப்பாய் நிறைந்துவிடும், அடி திரும்ப மூட்டில் விழும்! அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தில் சுற்றிலும் பெஞ்சுகள் கிரீச்சிட்டதுகூடக் காதில் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். நடுவில் ஓபேத் முழங்காலில் இருந்தான். மேல் தெருவில் தண்ணீர் சுமக்கும் பெண்களின் தோள்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தான்.

அதுவரை நடந்தது மறதி. அதற்குப் பிறகு நடந்தது மறதி அல்ல. எழ வேண்டும் என்று எல்நாத்தானுக்குத் தெரியும். கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. 'அவன் ஜெபத்துக்கா?' என்று உள்ளே ஒன்று கேட்டது. கை திரும்ப மடியில் விழுந்தது. ஜெபம் முடியும்வரை அவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஓபேத்தும் எழுந்தபோது பார்த்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மனைவி கேத்தூராள் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

"எல்நாத்தான், அங்க தூங்கிட்டியா?"

"இல்ல."

"உடம்புக்கு ஏதாவது?"

"இல்ல."

"அப்போ என்னதான்?"

"கூட்டத்துல நடந்ததை வழியில பேசக் கூடாது, கேத்தூராள்."

"நல்ல சட்டம்," என்றாள் அவள். "தேவைப்படுறப்போ மட்டும் உனக்கு ஞாபகம் வருது, ரொம்ப நல்ல சட்டம்."

அந்த வாரத்தில் கூட்டத்தின் மூப்பர் சில்வானஸ் கிராஃப்ட் வந்தார். எண்பது வயது, காது மந்தம், தங்கமான மனிதர். பட்டறை வாசலில் தடியை ஊன்றி நின்றார்.

"நான் கேக்க வரல, எல்நாத்தான். கேக்குறது முறையில்ல. உனக்கு எப்போ சொல்லணும்னு உள்ளேருந்து ஏவுதல் வருதோ, அப்போ சொல்லு."

"சில்வானஸ், அது வந்து…"

"கேக்க வரலன்னு சொல்லிட்டேனே!" என்று கையை உயர்த்திவிட்டு அவர் திரும்பிப் போனார். எல்நாத்தான் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மூடிக்கொண்டார். மூடியது சுகமாக இருந்தது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அவரை வழிமறித்துக் கேட்டிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள், ஒரு வாரத்தில் உண்மை வெளியே வந்திருக்கும். எங்கள் ஆட்கள் கேட்கவில்லை. எல்நாத்தான் போன்ற ஒருவர் காரணமில்லாமல் உட்கார்ந்திருப்பாரா? ஏதோ தெரிந்திருக்கிறது, இரக்கத்தால் வெளியே சொல்லாமல் இருக்கிறார் என்று எண்ணினார்கள். அவர் மௌனத்தை மதித்தார்கள். அந்த மதிப்பில் ஓபேத் நசுங்கிப் போனான். தண்ணீர்க் குழு அவன் பீப்பாயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, எல்நாத்தானின் புதிய இரும்பு வளையங்களுக்குச் சரி சொன்னது. நிலம் அளக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தில் அவன் பிறகு வாய் திறக்கவே இல்லை. ஒரு வார்த்தை போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தை இருந்தது எல்நாத்தானிடம் மட்டும். ஒவ்வொரு வாரமும் 'அடுத்த வாரம்' என்று நினைத்தார்.

வளையங்களை வாங்கக் கொல்லன் கொன்ராட்டின் உலைக்கூடத்துக்குப் போனார். கொன்ராட் ஜெர்மானியன், லூத்தரன் சர்ச்சைச் சேர்ந்தவன். அவனுக்கு 'நீ' வராது, எல்லாருக்கும் 'ஐயா'தான்.

"வாங்க சட்டசபை ஐயா! வளையம் ரெடி. பீரங்கி வெடிச்சாலும் இது வெடிக்காது. அப்படித்தான் போன தடவையும் சொன்னேன், அதை விடுங்க."

"நல்லா பொருத்தியிருக்கியா?"

"பொருத்தியிருக்கேன். ஐயா, ஒண்ணு கேக்கலாமா? உங்க ஆளுங்ககிட்ட கேட்டா வானத்தப் பாக்குறாங்க. அந்த ஓபேத்து என்னதான் பண்ணினான்? திருடினானா? பொம்பள விவகாரமா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"அது எங்க கூட்டத்து விஷயம், கொன்ராட்."

கொன்ராட் துருத்தியை ஒரு மிதி மிதித்தான். "எங்க சர்ச்சுல ஒருத்தன் இருக்கான். பாதிரியார் பேர் சொல்லித் திட்டாத வாரம் இல்ல. அவன் முன் பெஞ்சுலயே உக்காந்து குறட்டை விடுறான், வெளிய வந்தா ராஜா கணக்கா நடக்குறான். உங்ககிட்ட ஒருத்தர் தொப்பிய எடுக்கல, ஒரு குடும்பமே வண்டி கட்டுது. உங்க தொப்பி என் சம்மட்டிய விட கனம் ஐயா."

"வண்டி கட்டுதா?"

"தெரியாதா உங்களுக்கு? சக்கரத்துக்குப் பட்டை அடிக்க எங்கிட்டதான் கொண்டாந்தான். தெக்க கரோலினாவுக்காம். அந்தப் பொண்ணு இருக்குற நிலைமையில, அந்த ரோட்டுல…" கொன்ராட் தலையை ஆட்டிவிட்டு இடுக்கியை எடுத்தான்.

எல்நாத்தானுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் மெதுவாக.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், அவர் பட்டறையில் இருமிக்கொண்டே வளையங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஓபேத் வந்தான். கையில் அந்தக் கண்ணாடி ஜாடி, வைக்கோல் சுற்றி இருந்தது.

"எல்நாத்தான் நண்பா, உள்ள வரலாமா?"

"வா."

ஓபேத் உட்காரவில்லை. "நான் வாதாட வரல. நீ எங்கிட்ட ஏதோ பாத்திருக்க. அன்னிக்கிலேருந்து நானும் என்னைக் கிளறிக் கிளறிப் பாக்குறேன். ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது. நாங்க வந்த புதுசுல உன் குழாய் வெடிச்சு நீ முழுக்க நனைஞ்சியே, அன்னிக்கு வீட்டுக்குப் போய் மெர்சிகிட்ட அதைச் சொல்லிச் சிரிச்சேன். நீ நின்ன மாதிரியே நின்னு காட்டினேன். அதுவா? அது உன் காதுக்கு வந்துச்சா?"

இதோ அந்த இடம், என்று எல்நாத்தானுக்குத் தெரிந்தது. 'உன்மேல குறையே இல்ல' என்று சொன்னால் முடிந்தது. அவன் முகத்தைப் பார்த்தார். நேர்மையான முகம், தூக்கம் கெட்டுக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த நேர்மையின் மேலேயும் அவருக்குப் பொறாமை வந்தது. தன்னைக் கிளறிப் பார்த்துச் சிரிப்பு ஒன்றை மட்டும் கண்டெடுக்கிற மனசு தனக்கு எங்கே?

"சிரிச்சது பெருசில்ல," என்றார். நாக்கு தானாக ஓடியது. "நீ கொஞ்சம் அவசரக்காரன், ஓபேத். யோசனையிலயும் அவசரம், ஜெபத்துலயும் அவசரம். அதுதான் என் மனசுல பட்டது."

ஓபேத் தரையைப் பார்த்து நின்றான். "அவசரம்," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். "இருக்கும். சாப்பிடுறப்போ மெர்சியும் சொல்லுவா. சொன்னதுக்கு நன்றி, எல்நாத்தான். வேற யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. இனிமே கவனமா இருக்கேன்."

ஜாடியை வைக்கோலோடு மேசைமேல் வைத்தான். "நாங்க இந்த வாரக் கடைசியில கிளம்புறோம். இதை நீ வச்சுக்கோ. உன் குழாய்ல பீப்பாயச் சேத்துடு. யார் யோசனைன்னு சொல்ல வேண்டியதில்ல, தண்ணி மேல ஏறினா சரி. ஒண்ணு மட்டும் பாத்துக்கணும். காத்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணில கரையும். அதனால அடியில ஒரு திருகு வச்சு, அப்பப்போ தண்ணிய வடிச்சுக் காத்த உள்ள விடணும்."

அவர் பெருமையோடு கண்டுபிடித்த ஓட்டையை அவன் எப்போதோ அடைத்துவிட்டிருந்தான்.

ஓபேத் போன பிறகு எல்நாத்தான் ஜாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. போட்டிக்காரன் போகிறான். அவன் யோசனை இங்கே இருக்கிறது. யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவனோ, சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஒருவன் தன் வீட்டையே காலி செய்து கொடுத்தாலும் பொறாமைக்காரனுக்குப் போதாது. அவன் எப்படி இவ்வளவு எளிதாகக் கொடுத்தான் என்று அதற்கும் வயிறு எரியும். எல்நாத்தானுக்கு எரிந்தது.

சாயங்காலம் கேத்தூராள் வந்தாள். மெர்சிக்குப் பாத்திரம் கட்டிக் கொடுக்கப் போயிருந்தவள், ஒரு சின்ன மண் கிண்ணத்தோடு வந்தாள்.

"மெர்சி குடுத்தா. வாத்துக் கொழுப்பும் தேனும்."

"எதுக்கு?"

"உன் இருமலுக்கு. நெஞ்சுல சூடா தடவணுமாம். நீ இருமுறது கூட்டத்துல அவளுக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். மத்ததெல்லாம் மூட்டை கட்டியாச்சு, இதை மட்டும் வெளிய வச்சிருந்தா." அவள் கிண்ணத்தை அடுப்போரம் வைத்தாள். "நீ அவ்வளவு இருமலோடயும் பொறுமையா அவன் குறையச் சொன்னியாம். ஓபேத் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறான். என்ன குறை, எல்நாத்தான்?"

"அவசரம்."

கேத்தூராள் திரும்பி அவரைப் பார்த்தாள். "ஒரு வார்த்தைக்காக இத்தனை வாரமா வாயத் திறக்காமக் காத்துக்கிட்டு இருந்தவனா அவசரக்காரன்?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கொழுப்பு உருகியதும் அவர் சட்டையை விலக்கி நெஞ்சில் தடவினாள். சூடு உள்ளே இறங்கியது. மனிதர்களைத் திருத்த ஆண்டவர் இடியையும் அனுப்பலாம், பஞ்சத்தையும் அனுப்பலாம். நான் பார்த்தவரையில் அவர் பெரும்பாலும் ஒரு கிண்ணம் வாத்துக் கொழுப்பைத்தான் அனுப்புகிறார்.

"கேத்தூராள், அன்னிக்கு நான் தூங்கல."

"தெரியும்."

"அவன் ஜெபம் எனக்குக் கேட்டுது."

"அதுவும் தெரியும். கூடக் குடித்தனம் பண்றவளுக்கு உன் முதுகப் பாத்தாலே தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் திரும்பக் கேக்கல?"

"கேட்டா எங்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா படுத்துடுவ." அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட சொல்ற விஷயம் இல்ல."

முதல் நாள் வந்தது. மார்லின் வீட்டு வாசலில் வண்டி பாதி ஏற்றி நின்றது. கூட்டம் முடிந்ததும் மீதியை ஏற்றி, மறுநாள் விடியலில் புறப்படுவதாக ஏற்பாடு. ஓபேத்தும் மெர்சியும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. எல்நாத்தான் எழுந்தார். மெதுவாகச் சொன்னார்.

"ஓபேத் மார்லின் ஜெபிச்சப்போ நான் எழுந்து நிக்கல. அவன்மேல எந்தக் குறையும் எனக்குத் தெரியாது."

முன் பெஞ்சில் சில்வானஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "சத்தமா சொல்லு, எல்நாத்தான். இந்தப் பக்கம் எட்டல."

எல்நாத்தான் திரும்பச் சொன்னார், இன்னும் சத்தமாக. சொல்ல ஆரம்பித்தது நிற்கவில்லை. "முதல்ல என் புத்தி வேற எங்கயோ இருந்துச்சு. அவன் யோசனையில தப்பு தேடிக்கிட்டு இருந்தேன், இந்தப் பெஞ்சுலயே உக்காந்து. கண்ணத் திறந்தப்போ எழுந்திருக்கணும்னு தெரிஞ்சுது. எழல. பொறாமை."

"கடைசி வார்த்தை கேக்கல."

"பொறாமை!" என்று எல்நாத்தான் கத்தினார். வெளியே கட்டியிருந்த குதிரைகள் காதை நிமிர்த்தின. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமி அடக்கிக்கொண்டார்கள். "அவன் என் வீட்டுக்கே வந்து என்ன குறைன்னு கேட்டான். அப்பவும் உண்மையச் சொல்லல. அவசரக்காரன்னு ஒரு பொய்யச் சொன்னேன். அவன் நன்றி சொல்லிட்டுப் போனான். என்னை மன்னிக்கணும்னு ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன். உங்ககிட்டயும் கேக்குறேன். அவன்கிட்டயும் கேக்கணும்."

உட்கார்ந்தார். சில்வானஸ் தலையை மெல்ல ஆட்டினார். "இப்போ கேட்டுது," என்றார்.

வெளியே மரத்தடியில் எல்நாத்தான் ஓபேத்தின் முன்னால் போய் நின்றார். ஓபேத் உடனே அணைத்துக்கொள்வான் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது.

"நான் அவசரக்காரன்னு நம்பினேன்," என்றான். "உண்மையிலயே நம்பினேன். சாப்பாட்டை மென்னு மென்னு சாப்பிட்டேன். மெர்சி ஏதாவது சொன்னா பதில் சொல்றதுக்கு முன்னாடி நிறுத்தி நிறுத்தி யோசிச்சேன். எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு அவ பயந்துட்டா. இவ்வளவு வாரமா ஊர் முழுக்க எங்கிட்டேருந்து கண்ணத் திருப்பிச்சு. நீ தினம் அதைப் பாத்துக்கிட்டே இருந்தியே, எல்நாத்தான்."

"பாத்தேன்."

"எப்படிப் பாத்த?"

"சந்தோஷமா," என்றார் எல்நாத்தான். அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை.

ஓபேத்தின் கோபம் அந்த ஒரு வார்த்தையோடு எங்கே மோதுவதென்று தெரியாமல் நின்றது. இவ்வளவு அசிங்கமான உண்மையை ஒருவர் தன்னிடம் தருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

மெர்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். "பேசி முடிச்சாச்சா? நான் கரோலினாவுக்கெல்லாம் வரல. இந்த வயித்த வச்சுக்கிட்டு அந்த வண்டியில ஏற எனக்கு எப்பவுமே இஷ்டமில்ல. எல்நாத்தான், நீ வருந்துறத அப்புறம் வருந்திக்கலாம். ஏத்தின பெட்டியெல்லாம் யார் இறக்குறது?"

"நான் இறக்குறேன்," என்றார் எல்நாத்தான்.

"இருமலோடயா?"

"இருமல் இப்போ கொஞ்சம் தேவல."

அன்று மத்தியானம் சட்டசபை உறுப்பினர் மெர்சி சொன்ன இடத்திலெல்லாம் பெட்டி தூக்கி வைத்தார். மாவுப் பானையை அடுப்பங்கரையில் வைத்தார். அவள் வேண்டாம் என்று ஜன்னலோரம் காட்டினாள். அங்கே கொண்டுபோய் வைத்தார். கட்டிலை மட்டும் ஓபேத்தும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். ஓபேத் அவரோடு பேசவில்லை. ஆனால் வாசற்படியில் திரும்பும்போது, "மெதுவா, உன் பக்கம் படி இருக்கு," என்றான்.

நன்றாக ஆகச் சில மாதங்கள் பிடித்தன. மனிதர்களுக்குள் விழுந்த விரிசல் அவ்வளவு சீக்கிரம் கூடுவதில்லை. கூடும்போதும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. செம்புப் பீப்பாயை இருவரும் சேர்ந்தே பொருத்தினார்கள். அறுவடைக்குப் பிறகு ஒரு காலையில் மேல் தெருத் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. மெர்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பெண்கள் ஓபேத்தைச் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினார்கள். கொன்ராட் தன் வளையங்கள் இனி விற்காதே என்று ஒப்பாரி வைத்துக் காட்டினான். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எல்நாத்தானுக்குப் பழைய முள் அப்படியே குத்தியது. ஒருநாள் மனந்திரும்பினால் அது போய்விடும் என்று அவர் நினைத்திருந்தார். போகவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் வாளியை நிரப்பிய கிழவியின் கையிலிருந்து அதை வாங்கி அவள் வீடுவரை சுமந்து சென்றார்.

குளிர்காலத்தில் பிலடெல்பியாவில் சபை கூடியது. மேட்டுப்பகுதி ஊர்களுக்கும் அதே மாதிரி தண்ணீர் வைக்க உதவ வேண்டும் என்று எல்நாத்தான் தீர்மானம் கொண்டுவந்தார். அரைமணி நேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

"உன் மைக்கூட்டை விட இது நூறு மடங்கு மேல், எல்நாத்தான்!" என்றார் செஸ்டர் மாவட்டத்துக்காரர்.

"என்னோடது இல்ல. ஓபேத் மார்லின்னு எங்க ஊர் ஆள். நான் பேசும்போதே சொன்னேன்."

"சொன்னியா? நான் கவனிக்கல."

"மூணு தடவை சொன்னேன்."

"பரவாயில்ல, நீயும் கூட இருந்திருப்ப. பாக்கப்போனா இது உனக்கே தோணியிருக்கலாமே?"

அந்தக் கேள்வி எல்நாத்தானுக்கு இன்னும் வலித்தது.

"தோணியிருக்கலாம்," என்றார். "தோணல. ஓபேத் மார்லின். ஞாபகம் வச்சுக்கோ."